எம்.பி. வீட்டம்மா கீழே வைத்த கோப்பை

உம்முல் லவ்ஸ் ஊரில் எம்.பி. நாயிஃபின் வீட்டுக்கு உதவி கேட்டு யார் வந்தாலும், அவர் மனைவி வத்ஹா வாசலில் வைத்து எதையும் கொடுக்க மாட்டாள். "உன் வீடு எந்தப் பக்கம்? வியாழக்கிழமை சாப்பிட வரேன், போ" என்று அனுப்பிவிடுவாள். சொன்னபடி போவாள். அந்த வீட்டில் என்ன இருக்கிறதோ அதைச் சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்பாள். காய்ந்த ரொட்டியும் எண்ணெயும் என்றாலும் சரி, வெறும் பயறுக் கஞ்சி என்றாலும் சரி, இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்பாள். அவள் தின்றுகொண்டிருக்கும்போதே டிரைவர் அபூ ஷாஹர் பின்பக்கமாகப் போய் மாவு மூட்டையையோ, மண்ணெண்ணெய் அடுப்பையோ, போர்வைக் கட்டையோ சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டு வருவார். அதைப் பற்றி வத்ஹா ஒரு வார்த்தை பேச மாட்டாள். வாங்கினவர்கள் நன்றி சொல்ல வந்தால், "எதுக்கு? உன் வீட்டு உப்பை நான்தானே தின்னேன்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

முதலில் ஊர் சிரித்தது. "கஷ்டம்னு சொல்லிக்கிட்டுப் போனா, அந்தம்மாவுக்கு நாம சோறு போட வேண்டியிருக்குதே" என்று முடிவெட்டுகிற கடையில் பேசிக்கொண்டார்கள். பிறகுதான் புரிந்தது. எம்.பி. வீட்டம்மா ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனாள் என்றால், அந்த வீட்டுக்காரனைப் பிச்சைக்காரன் என்று எவனும் சொல்ல முடியாது. அவன் விருந்து வைத்தவன்.

வத்ஹா கரக் நகரத்தில் ரொட்டி அடுப்பு வைத்திருந்தவரின் மகள். நாயிஃப் அவளைக் கட்டிக்கொண்டபோது பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பேச்சில் கெட்டிக்காரர். பஸ்ஸிலிருந்து நகரசபைக்குப் போனார், நகரசபையிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். தலைநகரில் ஒரு வீடும் பிடித்தார். வத்ஹா அங்கே நாலு மாதம் இருந்தாள். பெரிய இடத்துப் பெண்கள் நடத்துகிற ஒரு சங்கத்தில், விதவைகளுக்குத் தையல் மிஷின் கொடுக்கிற விழாவுக்கு அவளை அழைத்தார்கள். போட்டோக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். வத்ஹா ஒரு மிஷினைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவள் சிரிக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மிஷினை மிதித்துப் பார்த்தாள். பட்டை சுற்றவில்லை. அடுத்ததைப் பார்த்தாள், ஊசியே இல்லை.

"இதை வெச்சுக்கிட்டு இவங்க எதைத் தைக்கிறது? என் வாயையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு சங்கத்திலிருந்து அழைப்பு வரவில்லை. வத்ஹாவும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தாள். நாயிஃப் வார நடுவில் தலைநகரிலும், வாரக் கடைசியில் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கிக்கொண்டு ஊரிலும் காலம் தள்ளினார்.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கிழக்குத் தோப்பில் கொலை விழுந்த பிறகுதான் அவளுடைய வழக்கத்துக்கே ஒரு சோதனை வந்தது.

சண்டை வாய்க்கால் தண்ணீருக்கு. யார் முறை என்று வாய் முற்றி, சுலைகாத் குடும்பத்துப் பயல் ஒருவன் மண்வெட்டியை ஓங்கிவிட்டான். ருவைஹாத் குடும்பத்து முக்லித், இருபத்தாறு வயது, கல்யாணம் பேசி வைத்திருந்தவன், கல்சுவரோரம் விழுந்தான். எழுந்திருக்கவில்லை. வெட்டினவனைப் போலீஸ் கொண்டுபோனது. ஆனால் நம் பக்கத்தில் கணக்கு அதோடு முடியாது. அன்றைக்குப் பிற்பகல் அஸர் தொழுகைக்குள் சுலைகாத் குடும்பத்தார் பதினொரு வீட்டுக்காரர்களும், கொன்றவனுக்குப் பெரியப்பன் மகன், சித்தப்பன் மகன் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல், ஊரைக் காலி செய்தாக வேண்டும். இறந்தவன் வீட்டுக்காரர்கள் கண்ணில் படக் கூடாது. பட்டால் இன்னொரு ரத்தம் விழும். அதுதான் ஜல்வா. அடுப்பில் வெந்துகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

போனவர்கள் மாதபா நகரத்துக்கு வெளியே, பாதி கட்டி நின்றுபோன ஒரு கட்டிடத்தில் ஒண்டினார்கள். மூன்று வருஷம் ஆயிற்று. ஊர்ப் பெரியவர்கள் மூன்று தடவை கூட்டமாக ருவைஹாத் வீட்டு விருந்தறைக்குப் போய், கொடுத்த காவாவை, அந்தக் கசப்புக் காப்பியை, கோரிக்கை வைக்கிற வழக்கப்படி குடிக்காமல் கீழே வைத்து, "இவர்களைத் திரும்ப வர விடுங்கள்" என்று கேட்டார்கள். மூன்று தடவையும் "ரமலான் கழியட்டும்", "குளிர் கழியட்டும்" என்று தவணை கிடைத்தது.

மாதந்தோறும் முதல் வியாழக்கிழமை வத்ஹா மாதபாவுக்குப் போனாள். அது நாயிஃபுக்கே தெரியாது, அல்லது தெரியாதது போல இருந்தார். அங்கேயும் அதே வழக்கம்தான். பதினொரு வீட்டில் ஒரு வீட்டில் சாப்பாடு, பின்பக்கமாக மூட்டைகள். அந்த அக்டோபர் மாதம் அவளுக்குச் சாப்பாடு வைக்க வேண்டிய முறை ரஸ்மிய்யாவுக்கு. கொன்றவனுடைய சித்தப்பா மகனின் மனைவி அவள். கறுப்பாக, ஒடிசலாக, வெடுக்கென்று பேசுகிறவள்.

வத்ஹா சாப்பிட உட்கார்ந்தாள். ரஸ்மிய்யா தட்டைக் கொண்டுவந்து வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி, பட்டினி போடப் போறியா?"

"அக்கா, இந்த மாவு யார் மாவு?"

"உன் வீட்டு மாவு."

"இல்ல. போன மாசம் நீங்க இறக்கினது. அதுக்கு முந்தின மாசமும் நீங்க இறக்கினதுதான். மூணு வருஷமா உங்க மாவைத்தான் உங்களுக்கே சுட்டுப் போடறோம். விருந்துன்னு பேரு."

வத்ஹாவுக்குச் சுருக்கென்றது.

"எனக்கு மாவு வேண்டாம்" என்றாள் ரஸ்மிய்யா. "எங்க தோப்பு எனக்கு வேணும். நாப்பத்தி மூணு ஆலிவ் மரம் இருக்கு. மூணு வருஷமா காய் தானா விழுந்து அழுகுது. இந்த வருஷம் நல்லாக் காய்ச்சிருக்காம், வந்தவங்க சொல்றாங்க. மூணு வாரம் விட்டாப் போதும். உருவி, செக்குல குடுத்து, எண்ணெயைக் கொண்டாந்தா குளிர்காலம் பூரா நாங்களே தின்னுவோம். நீங்க வந்தா எங்க எண்ணெயில போடுவேன்."

"ஆம்பளைங்க காலை வெச்சா வெட்டிடுவாங்களே."

"ஆம்பளையை யார் கேட்டா? நாங்க பொம்பளைங்க போறோம். ரத்தப் பழி பொம்பளை மேல கிடையாது. அது அவங்களுக்கும் தெரியும்."

"தெரியும். ஆனா யாரு போய்க் கேக்கறது?"

ரஸ்மிய்யா தட்டை வைத்தாள். "நீங்க நல்லா சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

நாடாளுமன்றத் தேர்தலுக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது. ருவைஹாத் குடும்பத்தில் எழுநூறு ஓட்டு. மறுநாள் காலைப் பலகாரத்தின்போது, ருவைஹாத் வீட்டில் தானே போய்க் கேட்கப்போவதாக வத்ஹா சொன்னதும் நாயிஃப் பிட்ட ரொட்டியைத் தட்டிலேயே போட்டார்.

"தேர்தல் முடியட்டும், நானே போய்க் கேக்கறேன்."

"தேர்தல் முடியறதுக்குள்ள காய் கீழ விழுந்துடும்."

"காய்! உனக்குக் காய் பெருசாப் போச்சு. எழுநூறு ஓட்டு, வத்ஹா! போன தடவை நான் எத்தனையில ஜெயிச்சேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதைச் சொல்லிச் சொல்லியே அடுத்த வீட்டு தய்ஸீர் கல்யாணத்துல மாப்பிள்ளையைவிட நீங்கதான் அதிகமா வாழ்த்து வாங்கிக்கிட்டீங்க."

"நீ சும்மா போனாலும், எம்.பி. அனுப்பிச்சார்னுதான் பேசுவாங்க."

"அப்ப நடந்து போறேன். உங்க காரு வேண்டாம்."

"நடந்து போனா எம்.பி. பொண்டாட்டி இல்லன்னு ஆயிடுமா?"

"அது உங்க துரதிர்ஷ்டம்" என்று சொல்லி எழுந்தாள். நாயிஃப் கத்தினார், கெஞ்சினார். கடைசியில், "நான் வேண்டாம்னு சொன்னேன், இந்தச் சுவரு சாட்சி" என்று சுவரைக் காட்டினார். அவர் பயந்தாங்கொள்ளி இல்லை. முப்பது வருஷம் கட்டின வாழ்க்கை சரியுமோ என்கிற பயம். அது வத்ஹாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் போனாள்.

முக்லித்தின் தாய் ஸப்ஹா அறுபதைத் தொட்டவள். மூத்தவன் ஒருவன் இருந்தும், முக்லித் செத்ததிலிருந்து ஊர் அவளை உம்மு முக்லித், முக்லித்தின் அம்மா, என்றே கூப்பிட்டது. மகன் போன நாளிலிருந்து அந்த வீட்டில் வந்தவர்களுக்கு இனிப்பு டீ கிடையாது. ஏலக்காய் போட்ட கசப்புக் காவா மட்டும்தான், துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குக் கொடுப்பது போல, பெண்களுக்கும் அதுவேதான். வத்ஹா பத்து மணிக்குப் போய் மெத்தையில் உட்கார்ந்தாள். ஸப்ஹா கெண்டியிலிருந்து சின்னக் கோப்பையில் ஒரு மடக்கு ஊற்றிக் கொடுத்தாள். வத்ஹா வலது கையால் வாங்கினாள். வாங்கித் தன் முழங்காலுக்கு முன்னால் தரையில் வைத்தாள்.

ஸப்ஹா பார்த்தாள். "சூடா இருக்கா?"

"இல்ல, உம்மு முக்லித்."

"அப்ப எடுத்துக் குடி."

"ஒரு காரியமா வந்திருக்கேன். பதில் சொல்லுங்க, குடிக்கிறேன்."

ஸப்ஹா கெண்டியை அடுப்பின் மேல் வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அது ஆம்பளைங்க செய்யற வேலை. உனக்கு எப்பத்திலேர்ந்துடி மீசை முளைச்சுது?"

"மீசை வெச்சவங்க மூணு தடவை வந்து வெச்சுட்டுப் போனாங்களே. என்ன நடந்துது?"

"காரியத்தைச் சொல்லு."

வத்ஹா சொன்னாள். பெண்கள் மட்டும், மூன்று வாரம், காய் பறிக்க.

"முடியாது" என்றாள் ஸப்ஹா. "குடிச்சுட்டுக் கிளம்பு."

"குடிக்காம கிளம்ப மாட்டேன். பதில் கிடைக்காம குடிக்க மாட்டேன்."

"பதில்தான் சொல்லிட்டேனே!"

"அது பதில் இல்ல, கோவம்."

இப்படியே பதினொன்று ஆயிற்று. மருமகள் நவ்ஃபா கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடினாள். அரை மணி நேரத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் திடீரென்று ஸப்ஹா வீட்டில் வேலை வந்துவிட்டது. ஒருத்தி சல்லடை கேட்டு வந்தாள். ஒருத்தி புளித்த மாவு கொஞ்சம் வேண்டுமென்று வந்தாள். வந்தவர்கள் போகவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து கோப்பையைப் பார்த்தார்கள்.

"இது செல்லுமா?" என்றாள் சல்லடைக்காரி.

"எப்படிச் செல்லும்? பொம்பளை வெச்ச கோப்பை."

"ஏன், கோப்பைக்கு ஆம்பளை பொம்பளை வித்தியாசம் தெரியுமா?"

"தெரியாதா? உன் வீட்டுக் காவாவுக்கே அது தெரியுமே, உன் புருஷன் வெச்சா அடங்கிக் கிடக்குது, உன் கையில மட்டும் பொங்கி வழியுது."

"அடி போடி, இங்க ஒருத்தி மானம் போற மாதிரி உக்காந்திருக்கா, நீ சிரிக்க வந்துட்டே."

"மானம் அவளுக்கா போவுது? கோப்பை யார் வீட்ல ஆறிப்போகுதோ அவங்களுக்குத்தான்."

அந்தப் பேச்சு ஸப்ஹா காதில் விழுந்தது. முகம் கறுத்தது. மூத்த மகன் தைஃபல்லாஹ்வைக் கூப்பிட்டு வரச் சொன்னாள். அவன் வாசற்படியில் நின்றான், பெண்கள் இருக்கிற அறைக்குள் வரவில்லை. வாட்டசாட்டமான ஆள். தம்பியைப் பறிகொடுத்த கோபம் இன்னும் தோளில் உட்கார்ந்திருந்தது. தரையில் இருந்த கோப்பையைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது.

"எப்பத்திலேர்ந்து இருக்கு, யும்மா?"

"பத்து மணியிலேர்ந்து. எடுக்கச் சொல்லுடா இவளை."

"நான் எப்படிச் சொல்வேன்? என் விருந்தறையில வெச்சிருந்தா நான் பதில் சொல்லணும். இது உன் அறை. உனக்கு முன்னால வெச்சது. நீ என்ன சொல்றியோ அதுக்கு நான் கட்டுப்பட்டவன்." தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். சாமர்த்தியமா, மரியாதையா என்று இன்றைக்கும் ஊரில் பட்டிமன்றம் நடக்கிறது. மரியாதைதான் என்பது என் அபிப்பிராயம்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் வந்தவர்கள் வீட்டு வேலைக்குக் கலைந்தார்கள். வத்ஹாவும் ஸப்ஹாவும் ஒரே பாயில் தொழுதார்கள். தொழுதுவிட்டு வத்ஹா பழைய இடத்திலேயே போய், கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்தாள். இடுப்பு விண்விண் என்று வலித்தது. காவா ஆறி, மேலே மெல்லிய படலம் கட்டியிருந்தது.

ஸப்ஹா அவளைப் பார்க்காமல் அடுப்புச் சாம்பலைக் கிளறினாள். கிளறிக்கொண்டே கேட்டாள், "மாசா மாசம் முதல் வியாழக்கிழமை எங்கடி போறே?"

வத்ஹா திடுக்கிட்டாள். "மாதபாவுக்கு."

"மறைக்கல, நல்லது. மறைச்சாலும் எனக்குத் தெரியும். உன் டிரைவர் வண்டியில மாவு மூட்டை ஏத்திக்கிட்டு என் வீட்டு ஜன்னலைத் தாண்டித்தானே போகணும். முப்பத்தாறு வியாழக்கிழமை எண்ணியிருக்கேன். என் பிள்ளையைக் கொன்னவங்க வீட்ல உக்காந்து முப்பத்தாறு தடவை சாப்பிட்டிருக்கே. என் வீட்டுக்கு எத்தனை தடவை வந்தே?"

வத்ஹா துக்கம் விசாரித்த மூன்று நாளும் வந்திருந்தாள். பெண்களோடு பெண்ணாக இருந்து அழுதாள், சோறு ஆக்கினாள். நாலாவது நாளிலிருந்து வரவில்லை. நாயிஃப் வருவார், பெருநாளைக்குப் பெருநாள், பின்னால் நாலு பேரோடு. அவர் வருகிறாரே, போதும் என்று விட்டுவிட்டாள். யாருக்கு என்ன குறை என்று ஊர் பூராவும் தேடி அலைந்தவள், இந்த வாசலைத் தாண்டும்போது வண்டியை ஒரு தடவைகூட நிறுத்தச் சொன்னதில்லை. ஊர் அவளை மெச்சியது. அந்த மெச்சல் இந்த அறைக்குள் ஒரு காசுக்குப் பெறவில்லை.

"சொல்லுடி. ஏன் வரல?"

"உங்க வீட்ல மாவு இருக்குன்னு நினைச்சேன்."

"மாவு இருந்துது" என்றாள் ஸப்ஹா. "எதிர்ல உக்காந்து தின்னத்தான் யாரும் இல்ல. பிள்ளைங்களும் மருமகளும் என் முன்னால வாயைத் திறக்கவே பயப்படறாங்க. சாப்பாட்டைக் கொண்டாந்து வெச்சுட்டு ஓடிடறாங்க. வர்றவங்களும் ரெண்டு மடக்கு கசப்பைக் குடிச்சுட்டு, 'அல்லாஹ் பொறுமையைக் குடுப்பான்'னு சொல்லிட்டுப் போயிடறாங்க. பொறுமை! நிறையக் குடுத்துட்டான், வைக்க இடமில்ல."

"தப்புதான்" என்றாள் வத்ஹா. சமாதானம் எதுவும் சொல்லவில்லை. தேர்தல், வேலை, நாயிஃப் என்று எதையும் இழுக்கவில்லை. கோரிக்கையைக்கூட அந்த நேரத்துக்கு மறந்துபோனாள் என்றுதான் சொல்ல வேண்டும். எந்த வீட்டுக்குப் போனாலும் செய்கிற வழக்கம் தன்னால் வாயில் வந்துவிட்டது. "பசிக்குது, உம்மு முக்லித். ஏதாவது போடுங்க, ரெண்டு பேரும் சாப்பிடலாம்."

ஸப்ஹாவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "கோப்பையைக் கீழே வெச்சவ அந்த வீட்ல பச்சைத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுடி! கேட்டது கிடைக்கிற வரைக்கும் சாப்பாடு கிடையாது. இதுகூடத் தெரியாம எந்த தைரியத்துல கோப்பையை வெச்சே?"

சொல்லி முடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் கோப்பையைப் பார்த்தார்கள்.

"அப்ப இது செல்லும்" என்றாள் வத்ஹா மெதுவாக.

மூன்று வருஷத்தில் அந்த அறையில் கேட்காத ஒரு சத்தம் ஸப்ஹாவின் மூக்கு வழியாக வந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. சிரிப்புக்குப் பக்கத்து வீடு.

"ரொட்டிக்காரன் பொண்ணு" என்றாள். "அடுப்புக்குள்ள கையை விட்டும் சுட்டுக்காம எடுக்கிறவ நீ."

அஸர் நெருங்கும்போது ஸப்ஹா எழுந்து போய், ஆறிப்போன காவாவை முற்றத்து மண்ணில் கொட்டினாள். கோப்பையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஊற்றுவதற்கு முன்னால் நிபந்தனை சொன்னாள்.

"பொம்பளைங்க மட்டும். சூரியன் வந்தப்புறம் வரணும், அஸர் பாங்குக்கு முன்னால போயிடணும். பாட்டு கீட்டு பாடக் கூடாது. கல்சுவத்தோரத்து மரத்துல யாரும் கை வைக்கக் கூடாது. அவங்க மரம்தான், எனக்குத் தெரியும். ஆனா என் பிள்ளை அதுக்குக் கீழதான் விழுந்தான்."

"சரி."

"முதல் வியாழக்கிழமை இனிமே எனக்கு. மாதபாவுக்கு ரெண்டாவது வியாழக்கிழமை போ."

"சரி."

"மூட்டை கீட்டை பின்பக்கமா இறக்கினே, உன் டிரைவர் காலை ஒடிப்பேன்."

"சரி, உம்மு முக்லித்."

ஸப்ஹா ஊற்றிக் கொடுத்தாள். "காவாவைக் குடி. வந்த காரியம் கிடைச்சாச்சு" என்றாள், பெரிய விருந்தறையில் ஆண்கள் சொல்கிற அதே வார்த்தையை, அதே அழுத்தத்தில். வத்ஹா குடித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது நாயிஃப் முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். "என்ன ஆச்சு?"

"பசிக்குது. முதல்ல சோறு போடச் சொல்லுங்க" என்றாள்.

மறுவாரம் பத்தொன்பது பெண்கள் இரண்டு வண்டியில் வந்தார்கள். மரத்தடியில் தார்ப்பாய் விரித்து, ஏணி சாய்த்து, கையால் உருவினார்கள். பாட்டில்லை, பேச்சுகூட ரகசியக் குரலில்தான். வத்ஹா தினமும் வந்தாள். அவள் கைக்குக் காய் பறிக்கிற பழக்கமில்லை, இலையோடு சேர்த்துப் பிய்த்தாள். ரஸ்மிய்யா அதைப் பொறுக்கிக்கொண்டே, "அக்கா, நீங்க சாப்பிடறதோட நிறுத்திக்கங்க" என்று முணுமுணுத்தாள். தலைநகரத்துப் பத்திரிகைக்காரன் ஒருவன் மோப்பம் பிடித்துக் கேமராவோடு வந்தபோது, வத்ஹா ஏணியிலிருந்து இறங்கிவந்து, "தம்பி, அந்தக் கேமராவைத் தூக்கினா உன்னை இந்த மரத்துலயே கட்டி அடுத்த வருஷம்தான் அறுவடை பண்ணுவேன்" என்றாள். அவன் கேமராவை உறையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தான்.

மூன்றாவது வாரம் தேர்தல் வந்தது. நாயிஃப் தோற்றார். நூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசம். கோப்பையால்தான் தோற்றார் என்று பாதி ஊர் சொன்னது. கோப்பை இல்லாவிட்டால் ஆயிரம் ஓட்டில் தோற்றிருப்பார் என்று மீதி ஊர் சொன்னது. இரண்டு நாள் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. வத்ஹா சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்து, எதிரிலேயே உட்கார்ந்து அவர் தின்கிறவரை நகரவில்லை.

"நீ போகாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"ஆமா" என்றாள்.

"ஆமாவா? மறுக்கக்கூட மாட்டியா?"

"எதை மறுக்கறது? ஒருவேளை என்னாலதான் தோத்தீங்க. அதுக்காக நான் போனது தப்பாயிடாது. சாப்பிடுங்க."

மூன்றாவது நாள் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தோப்போரச் சாலையில் வந்து நின்றார். தோப்புக்குள் ஆணுக்கு அனுமதி இல்லை, அவர் எந்தக் குடும்பம் என்றாலும் சரி. "நான் ஓட்டுக் கேட்க வரல. சாக்கு தூக்க வந்தேன்" என்றார், யாரும் கேட்காமலே. பெண்கள் சாலைவரை சாக்கை இழுத்துவந்து போட, பழைய எம்.பி. முதுகில் தூக்கி வண்டியில் ஏற்றினார். மூன்றாவது சாக்கில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "நாடாளுமன்றத்துல இதைவிட லேசு, இல்ல?" என்று கேட்டு ஒரு பக்கத்தைத் தான் பிடித்தாள் வத்ஹா.

கடைசி நாள். நாற்பத்திரண்டு மரமும் முடிந்தது. கல்சுவரோரத்து மரத்தை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதில்தான் அந்த வருஷம் காய் அதிகம். கிளை தாழ்ந்து தரையைத் தொட்டது. அஸருக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கையை நிறுத்தினார்கள்.

ஸப்ஹா வந்துகொண்டிருந்தாள். கூட யாருமில்லை. கையில் ஒரு வாளி. மூன்று வருஷமாக அவள் கால் மிதிக்காத இடம் அது. நேராக அந்த மரத்தடிக்குப் போய், கீழே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிளையை இழுத்து உருவ ஆரம்பித்தாள்.

வத்ஹா ஓரடி முன்னால் வைத்தாள். ரஸ்மிய்யா அவள் அங்கியைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம் அக்கா. அவங்க செய்யட்டும்."

யாரும் உதவிக்குப் போகவில்லை. யாரும் வண்டியிலும் ஏறவில்லை. அபூ ஷாஹர் என்ஜினை அணைத்துவிட்டார். பத்தொன்பது பெண்களும் சாலையோரம் நின்றார்கள். காய் வாளியில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. வாளி நிறைந்தால் மடியில் கட்டினாள், மடி நிறைந்தால் மேல்துணியை விரித்துப் போட்டாள். அஸர் பாங்கு சொன்னது. நிபந்தனைப்படி அவர்கள் போயிருக்க வேண்டும். ரஸ்மிய்யா வத்ஹாவைப் பார்த்தாள். வத்ஹா அசையவில்லை. மரத்தடியில் இருந்தவளும் போகச் சொல்லவில்லை.

கைக்கு எட்டினதையெல்லாம் பறித்து முடித்ததும் ஸப்ஹா வாளியைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்தாள். கூட்டத்தில் ரஸ்மிய்யா எவள் என்று யாரும் காட்டவில்லை. காட்டத் தேவையும் இருக்கவில்லை, பன்னிரண்டு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவள்தானே. ரஸ்மிய்யாவின் காலடியில் திறந்திருந்த சாக்கில் வாளியைக் கவிழ்த்தாள். திரும்பிப் போய் மேல்துணியில் இருந்ததையும் கொண்டுவந்து கொட்டினாள்.

ரஸ்மிய்யா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"வாயை அப்புறம் திற" என்றாள் ஸப்ஹா. "முதல்ல சாக்கைக் கட்டு. சிந்துது."

ரஸ்மிய்யா குனிந்து கயிற்றைச் சுற்றினாள். முடிச்சு விழவில்லை, காய் நிரம்பிப் பிதுங்கியது. ஸப்ஹா சாக்கின் வாயை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், அவள் முடிச்சுப் போட்டு முடிக்கிறவரை.